கதவின் உள்பக்கம்

— நகரு. இந்த அலமாரிக் கதவு ஒண்ணுதான் பாக்கி.

— வெளிப்பக்கம் அடிச்சாச்சுல்ல... போதும். கை கழுவிட்டு வாங்க.

— உள்பக்கம்?

— அத யாரு பாக்கப் போறா?

— ஊர் முழுக்க பெயின்ட் அடிக்கறவன் வீட்டுல பாதிக் கதவு மொட்டையா இருக்கலாமா? மானம் போயிடும்.

— பன்னெண்டு வருஷமா போகாத மானம்...

— இது மூணாவது தடவை. மூணு தடவையும் இப்படித்தான் குறுக்க நிக்கற. உள்ள என்ன புதையலா?

— பென்சில்ல ஏதோ கிறுக்கி வெச்சிருக்கேன். நமக்குக் கல்யாணமான புதுசுல.

— ஏதோன்னா?

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல, சொல்லு.

— மூக்குக்கண்ணாடிக் கடைல தூசி தொடைக்கச் சேர்ந்தேன்ல... அப்ப எழுதினேன். 'தங்கக் கலர் ஃப்ரேம் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கணும்.'

— உனக்குத்தான் தெருக்கோடி பஸ் நம்பரே இங்கேர்ந்து தெரியுமே.

— பாத்தீங்களா, சிரிக்கறீங்க.

— சரி, சரி... அடுத்தது?

— ரெண்டு வருஷம் கழிச்சு. 'கிட்டப்பார்வைக் கண்ணாடி ஏன் நடுவுல மெலிசா இருக்கு?' கண் பரிசோதிக்கறவர்கிட்டயே கேட்டேன். 'வந்த வேலையப் பாரு'ன்னுட்டார்.

— யாரு, அந்த வழுக்கையா?

— அவரேதான் அப்புறம் கண்ணப் பத்தின பழைய புத்தகம் ஒண்ணு குடுத்தாரு. மூணு தடவை படிச்சேன்.

— ஆமா. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியாம.

— அப்ப எழுதினேன், 'நானே கண் பரிசோதிக்கணும்.' எழுதிட்டு எனக்கே பயம். பட்டுன்னு கதவச் சாத்திட்டேன்.

— ம்... அவ்வளவுதானா?

— இன்னொண்ணு இருக்கு. இன்னும் எழுதல.

— சொல்லேன்.

— உங்ககிட்ட சொல்லாம ஒரு பரீட்சை எழுதினேன். கண் பரிசோதனைப் படிப்பு, ரெண்டு வருஷம். இடம் கிடைச்சிருக்கு.

— எப்பத் தெரிஞ்சுது?

— ஒன்பது நாளாச்சு. லெட்டர் இதுக்குள்ளதான் இருக்கு. நாளைக்குச் சேரலன்னா இடம் போயிடும்.

— ஒன்பது நாளா வாயே தொறக்கல நீ.

— கடை வேலைய விடணும். பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து நீங்கதான் கூட்டிட்டு வரணும். 'முப்பத்தாறு வயசுல இதெல்லாம் தேவையா'ன்னு நீங்க கேட்டுட்டா... அந்த பயத்துல நானே என்னைக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

— என்ன பதில் வந்துச்சு?

— தேவைன்னுதான்.

— அப்ப நகரு. உள்பக்கம் அடிக்கணும்.

— இவ்வளவு சொன்னப்புறமுமா... எல்லாம் மறைஞ்சுடுமேங்க.

— கதவத் தொற. முதல் வரிய விரலால அழுத்தித் தேயி.

— தேய்ச்சா என்ன... ஏங்க, விரல்ல கரியே ஒட்டல. வழவழன்னு இருக்கு. நான் என்னவோ பென்சில்தான் ஒசத்தின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

— டப்பாவ மோந்து பாரு.

— இது வெள்ளை பெயின்ட் இல்லையே... வார்னிஷ்.

— போன ரெண்டு தடவையும் நீ கடைக்குப் போனதும் இதத்தான் அடிச்சேன், எழுத்து இருக்கற இடத்துக்கு மட்டும். லெட்டரையும் பாத்துட்டேன், எட்டு நாளாச்சு. நீயா எழுதட்டும்னு இருந்தேன். கீழ ஒரு சாண் வெறும் மரமா விட்டிருக்கேன் பாரு, பென்சில் நல்லாப் புடிக்கும். எழுது... அது மேலயும் வார்னிஷ் அடிக்கணும், காலைல நீ கிளம்பறதுக்குள்ள காயணும்.