தமிழ் வருமா?

கும்பகோணத்தில் பேருந்து கிளம்பியதும் முன் இருக்கையிலிருந்து கேட்டது:

"அறுத்த தாளோட சேத்து உழுது நடுறதுக்கு இது என்ன தாளடியாக்கா? மொத்தமா அழிச்சிட்டுத்தான் புதுசு போடணும்."

பேச்சு வயலைப் பற்றியதல்ல, கம்ப்யூட்டரைப் பற்றியது. சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த தம்பி, அக்கா வீட்டில் புது விண்டோஸ் போடப் போகிறார்.

"பழசு மேலயே போட்டா என்னடா? அப்பா எழுதின கீர்த்தனை பூரா அதுலதான் அடிச்சு வச்சிருக்காரு. அவரும் போயிட்டாரு, வேற எங்கயும் கிடையாது."

"பழசு மேல போட்டா வைரஸும் கூடவே இருக்கும். பாட்டையெல்லாம் சிடியில ஏத்திட்டுத்தான் அழிப்பேன். போதுமா?"

"திரும்பப் போட்டா தமிழ் வருமா?"

"பின்ன சீனமா வரும்? சிங்கப்பூர்ல இருக்கிறது நான்க்கா, அப்பா இல்ல."

அக்கா சிரித்துவிட்டார். "சரி, அழிச்சிடு."

அந்த நாட்களில் தமிழ் எழுத்துரு கம்ப்யூட்டருக்குள் தனியாக வேறோர் இடத்தில் இருக்கும். அதையும் சிடியில் ஏற்றாமல் அழித்துவிட்டால், பாட்டைத் திறக்கும்போது தமிழ் இருக்காது, புரியாத குறிகள்தான் இருக்கும். அப்பா எந்த எழுத்துருவில் அடித்தார் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அலுவலகத்தில் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முன்பின் தெரியாதவர்கள் பேச்சில் நுழைவது மரியாதையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மாள் சரியாகத்தான் கேட்டார். பதில் தெரிந்த நான் பாபநாசத்தில் இறங்கிவிட்டேன்.