சைவ மீன்

மனைவியின் மறைவுக்குப் பின் தனியே பயணம் செய்யப் பழகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தக்கலை பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரு நண்பர்கள் அமர்ந்திருந்தனர். ஒருவரது மடியில் வாய் அகன்ற வெறும் கண்ணாடிப் பரணி இருந்தது.

"சைவமா உள்ள மீன் ஏதாவது உண்டுமா மக்கா?" என்று அவர் கேட்டதும் நான் செய்தித்தாளை மடித்தேன்.

"ஏலே, மீனுக்கும் திருநீறு பூசணுமா?"

"சிரிக்காதே. புழு தின்னுத மீன் வீட்டுக்குள்ள கேறப்பிடாதுன்னு அம்மை சொல்லியாச்சு. எனக்க பெண்டாட்டி பேறுகாலம் வரைக்கும் கட்டில விட்டு எழும்பப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நாள் முழுக்கச் சுவரப் பாத்துட்டே கெடக்கா. பக்கத்துல மீன் நீந்துனா அதயாவது பாத்துட்டுக் கெடப்பா."

"அப்பம் வாய்க்கால்ல மானத்துக்கண்ணி பிடி. நெத்தியில வெள்ளிப் பொட்டு மின்னும்."

"அது என்ன தின்னும்?"

"கொசுப்புழு."

"அம்மை பரணியத் தூக்கித் தெருவுல எறிஞ்சிருவா."

"அப்பம் கெண்டைக்குஞ்சு. சோத்துப் பருக்கை தின்னும்."

"செத்துராதே? போன தடவை பிள்ளை தங்கல்ல. இதுவும் கண்ணு முன்னால செத்தா அவ தாங்கமாட்டா."

நண்பரின் குரல் தணிந்தது.

"வாய்க்கால் தண்ணியே ஊத்து. பருக்கை கொஞ்சமாப் போடு. கூடுனா தண்ணி கெட்டுரும். ஒத்தையா மட்டும் விட்டுராதே. ஒத்தையா விட்டா தீனி எடுக்காது."

"அப்பம் ரெண்டு விடுதேன்."

"வரப்போற ஆளுக்கும் சேத்து மூணா விடு மக்கா."

வில்லுக்குறியில் இருவரும் இறங்கினர். பஸ் புறப்பட்டபோது, நிறுத்தத்தை ஒட்டிய வாய்க்கால் கரையில் பரணியை வைத்துவிட்டு, அதைக் கொண்டுவந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் செய்தித்தாளை மீண்டும் விரிக்கவில்லை.