தட்டிக்கொண்டிருந்த கை

வெள்ளவத்தையில் ரயில் ஏறிய இரண்டு பயிற்சி டொக்டர்கள் என் எதிரில் அமர்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள்:

“இண்டைக்கு ஒண்டுமில்லாத மனுசிக்கு நெஞ்சில கரண்ட் ஷொக் குடுக்கப் பாத்தனான்.”

நான் பத்திரிகையை மடித்தேன்.

“என்னடி சொல்லுறாய்?” என்றாள் மற்றவள்.

“பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வார்ட்டில ஒரு அம்மான்ர ஹார்ட் மொனிட்டர் கத்திச்சுது. போன கிழமை எங்கட சேர் ஈசிஜி வகுப்பில இதயம் தாறுமாறா அடிக்கிற ஒரு கோட்டைக் காட்டி, இதைக் கண்டால் யோசிக்காதேங்கோ, ஓடுங்கோ எண்டாரெல்லோ? அதே கோடு. ஷொக் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினன்.”

“பிறகு?”

“அந்த அம்மா நல்ல நித்திரை. நித்திரையிலயே தன்ர நெஞ்சை மெல்லமாத் தட்டிக்கொண்டிருக்கிறா, கைப்பிள்ளையை நித்திரையாக்கிற மாதிரி. அந்தத் தட்டல்தான் கோடா ஓடுது. மற்றக் கையில நாடி பிடிச்சுப் பாத்தன். ஒழுங்கா அடிக்குது.”

“பிள்ளை?”

“பிள்ளை எங்க? எழுபது வயசு மனுசி.”

ரயில் கடலை ஒட்டி மெதுவாகப் போனது. தெஹிவளை வந்தபோது மற்றவள் கேட்டாள்:

“கையைப் பிடிச்சு நிப்பாட்டினியோ?”

“இல்லை. அலாரத்தை நிப்பாட்டிப்போட்டுப் பக்கத்தில நிண்டனான்.”