மூன்றாவது ஒயர்

இட்லிக்கு உளுந்தையும் அரிசியையும் தனித்தனியாகத்தான் அரைக்க வேண்டும். சேர்த்து அரைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மாவு பொங்காது, அவ்வளவுதான். கிரைண்டர் செய்து விற்கிறவன் என்பதால் இதைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நீங்கள் கேட்ட மற்ற விஷயத்தையும் இதே நிதானத்தில் சொல்லிவிடுவேன். எழுதிக்கொள்கிறவரும் அவசரப்பட வேண்டாம்.

என் பெயர் லட்சுமணசாமி. பீளமேட்டில் இருக்கும் 'பொன்னுருளை' கிரைண்டர் கம்பெனி என்னுடையது. முன்பு பாதிதான் என்னுடையது. மறுபாதி அப்துல் வஹீதுடையது. ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் நாங்கள். மோட்டார், கல், ஒயர் எல்லாம் அவன் பொறுப்பு. கடை, விளம்பரம், பேச்சு எல்லாம் நான். மெஷினைக் குறை சொல்ல முடியாது. சீர்வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பார்கள், மாவைப் பார்த்து அவள் நாத்தனார் வாங்குவாள், நாத்தனார் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரி வாங்குவாள். மாவு புளிக்கிற வேகத்தில் வியாபாரம் நடந்தது. வஹீதுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

அதனால் நடிகர் நந்தவர்மனைப் பிடித்தேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும், அவருடைய படம் வெளிவருகிற அன்று உங்கள் போலீஸ் ஆட்கள்தானே தியேட்டர் வாசலில் தடி பிடித்து நிற்கிறார்கள். விளம்பரப் படப்பிடிப்புக்கு வந்தார். அரிசியை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார். உடம்பு கெட்டுவிடும் என்று அவர் இட்லி சாப்பிட்டே பல வருடமாம். கல்லை ஒரே கையால் தூக்கி, கேமராவைப் பார்த்து, "அரைச்சா பொன்னுருளை, அடிச்சா வர்மா" என்றார். கல் தெர்மாகோல். வசனம் என்னுடையது.

அவிநாசி ரோடு முழுக்க அவர் முகம். காந்திபுரத்துக் கடை வாசலில் நின்ற அவருடைய கட்அவுட்டுக்குப் பையன்கள் பாலாபிஷேகம் செய்தார்கள். அந்தத் தீபாவளிக்கு மெஷின் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்து மாளவில்லை. பொங்கலுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு படத்தைப் பத்துத் தடவை பார்க்கிற ரசிகன் ஒரு கிரைண்டரை இரண்டாம் தடவை வாங்க மாட்டான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதோடு, அவன் வீட்டில் மாவு அரைப்பது அவன் அம்மா. அந்த அம்மா வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் கேட்டாள்.

அடுத்த வருட ஒப்பந்தத்துக்கு நந்தவர்மன் தரப்பில் இன்னும் அதிகம் கேட்டார்கள். வஹீது வேண்டாம் என்றான்.

"லட்சுமணா, மாவு அரைக்கறது கல்லுப்பா, போட்டோ இல்ல. அந்தாளை உட்டுப்போட்டு நல்லதா ஒரு மோட்டாரு போடலாம்."

அந்தப் பணத்துக்கு நான் வேறு வழி கண்டுபிடித்தேன். மோட்டார் சுருளின் காப்புப் பூச்சை மெலிதாக்கினோம். கேபிளில் மூன்று ஒயர் வரும், மூன்றாவது எர்த். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பிவிடுவது அதன் வேலை. கசியாதவரை அதற்கு வேலையே இல்லை. வேலையில்லாதவனுக்கு எதற்குச் சம்பளம் என்று இரண்டு ஒயர் கேபிளுக்கு மாறச் சொன்னேன். பிளக்கில் மூன்றாவது முள் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. ஏறக்குறைய நந்தவர்மனைப் போல.

வஹீது அந்தக் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். "எர்த் இல்லாத எடத்துல உன்ற ஹீரோ வந்து நிப்பானா?" என்றான். கூட்டை முறிக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் பங்கோடு வெளியேறினான். நல்ல மனிதன். ஆனால் பெரிதாக யோசிக்கத் தெரியாதவன்.

புது மெஷினில் ஒன்றை என் வீட்டுக்கும் கொண்டுபோனேன். என் மனைவி லோகப்பிரியா ஒரு நாள் சொன்னாள்: "ஏனுங்க மாமா, மாவு வழிக்கறப்ப சுருக்குங்குதுங்க. கையெல்லாம் மரத்துப்போச்சு." ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்த வாரமே வேறு கம்பெனி மெஷின் ஒன்றை வாங்கி வந்து, அதன் பெயரைச் சுரண்டிவிட்டு, நந்தவர்மன் முகம் போட்ட நம்முடைய ஸ்டிக்கரை ஒட்டி வைத்தேன். வீட்டுக்கு டீலர்கள் வந்து போகிறார்கள். மனைவி மேல் அக்கறை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

மற்ற வீடுகளிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. ஷாக் அடிக்குதுங்க என்றார்கள். நான் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வார்த்தை ஊரில் பரவிவிட்டால் அதை அழிக்க முடியாது. ஆனால் அதை நாமே வாங்கிக்கொள்ளலாம். நந்தவர்மனை வைத்து அடுத்த விளம்பரம் எடுத்தேன். விலை எழுதிய அட்டையைத் தொட்டுவிட்டுத் தலைமுடி சிலிர்க்க நிற்பார். 'வர்மா ஷாக் ஆஃபர்'. அதன் பிறகு யார் ஷாக் என்று சொன்னாலும் கேட்டவர்கள் சிரித்தார்கள். என் தொழில் வாழ்க்கையில் இதுதான் நான் செய்த சிறந்த வேலை என்று இப்போதும் நினைக்கிறேன்.

இளவேனில் விஷயத்துக்கு வருகிறேன். மதுக்கரையில் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவள். கணவர் சாமுவேல், சிமென்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. அவள் போனில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். மெஷின் உடம்பில் டெஸ்டரை வைக்கிறாள், விளக்கு எரிகிறது. "பாருங்க, எப்புடி எரியுதுன்னு. கம்பெனிக்குப் போன் பண்ணுனா ஆரும் எடுக்கறதில்லீங்க. இந்த மெசினு வச்சிருக்கறவங்க பாத்துத் தொடுங்க கண்ணுகளா" என்கிறாள். கீழே எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். 'அக்கா நடிப்பு வேற லெவல்' என்று ஒருவன். ஆஃபர் எப்போது முடிகிறது என்று இன்னொருவன். கம்பெனிப் பக்கத்தில் நானே அதைப் பகிர்ந்தேன். மேலே 'மதுக்கரையிலும் வர்மா ஷாக்' என்று எழுதினேன். ஏராளமானோர் பார்த்தார்கள்.

மாவு அவளுக்குப் பிழைப்பு. அதனால் நிறுத்தவில்லை. பலகை போட்டு அதன் மேல் நின்று அரைத்திருக்கிறாள். பலகை நனைந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். மின் ஆய்வாளர் அதற்கு அடுத்த நாள்தான் வருவதாக இருந்தது. சாமுவேல் முன்னறையில் உறவினர்களோடு உட்கார்ந்திருந்தார். மெஷினைச் சரிபார்க்க வேண்டும் என்று சொன்னேன். நான் ஓட்டி வந்த வேனில் அதே மாடல் மெஷின் ஒன்று இருந்தது, மூன்று ஒயரோடு. அதைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்து, பழையதன் எண் பதித்த தகட்டைக் கழற்றிப் புதியதில் திருகினேன். பழையதைத் தெரிந்த ஒருவரின் வார்ப்பட ஆலையில் போட்டு உருக்கியாயிற்று. அந்தச் சமையலறையில் நான் வேறொன்றையும் கவனித்தேன். ஒயரிங் சாமுவேல் செய்தது. எர்த் கம்பியை மிகச் சரியாகப் பதித்திருந்தார். சுத்தமான வேலை.

புறப்படும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெசின்ல ஏதாவது கோளாறுங்களா சார்?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்ப என்ற ஒயரிங்குதானுங்களா?"

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அவர் தோளில் மட்டும் கையை வைத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

ஆய்வாளர் மெஷினை மட்டும் சோதித்து, கோளாறு இல்லை என்று எழுதினார். பிறகு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டேன். இளவேனிலின் அம்மா மருமகனின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று போய்விட்டார். சாமுவேல் வீட்டு ஒயர் முழுவதையும் தன் கையாலேயே பிடுங்கி வாசலில் சுருட்டிப் போட்டுவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். உங்களிடம் வந்து, 'என்ற பொண்டாட்டியக் கொன்னது நான்தானுங்க, புடிச்சு உள்ள போடுங்க' என்று சொன்னதும் எனக்குத் தெரியும். ஒரு எமர்ஜென்சி லைட் வாங்கி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். நீங்கள் ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் பக்கத்து வீட்டில் விசாரித்தீர்கள். சண்முகப்ரியா என்ற அந்தக் கல்லூரிப் பெண் நந்தவர்மனின் ரசிகை. தினமும் இளவேனில் வீட்டுக்கு வந்து மெஷினில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாளாம். அவள் உங்களிடம் சொன்னதை அப்படியே எனக்குப் படித்துக் காட்டினீர்கள்: "சார், அக்கா மெசின்ல இருந்தது மழுமழுன்னு ஷேவ் பண்ணுன வர்மாங்க. இது தாடி வர்மா. இந்தத் தாடி மொகத்தையே அக்கா செத்ததுக்கு அப்பறந்தானுங்க மொதமொத வெளிய காட்டுனாரு. அக்கா எப்புடிங்க இத வாங்கியிருக்கும்?"

புது ஸ்டிக்கர் அந்த வாரம்தான் அச்சகத்திலிருந்து வந்தது. அவர் அலுவலகமே அனுப்பிய படம். எண் தகட்டை மாற்ற நினைத்த எனக்கு, முகத்தை மாற்றத் தோன்றவில்லை. அத்தனை செலவு செய்து ஊரெல்லாம் ஒட்டிய முகத்தை ஒருத்தி மட்டும்தான் உண்மையாகப் பார்த்திருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது ஒயரை எடுக்கச் சொன்னது நான். அவள் எச்சரிக்கையைச் சிரிப்பாக்கியது நான். மெஷினை மாற்றியதும், சாமுவேல் தன்னைக் கொலைகாரன் என்று நம்பியபோது நம்ப விட்டதும் நான். வேறு யாரும் உடந்தையில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு வருத்தம், அதையும் சேர்த்துக்கொள்ள முடியுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, தாடி வளர்ப்பதற்கு முன்னால் அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.