காப்புக் கட்டின கையில் டாக்கோ

ஹலோ... ஹலோ, அக்கா? ஓம், மேனுகாதான்... இல்லை, மெதுவாத்தான் கதைப்பன், நீ காதோட வச்சுக் கேள்... ரோட்டோரம் நிப்பாட்டியிருக்கிற ஒரு வானுக்குப் பின்னால ஒளிச்சு நிக்கிறன்... ஐயோ, ஒருத்தரும் துரத்தேல்லை! சாப்பிடுறன்.

ஓம், ஓம்... அந்த மெக்சிக்கன் டாக்கோ விக்கிற ட்ரக்தான். இண்டைக்கு எங்க நிப்பாட்டுவம் எண்டு ட்விட்டர்ல போடுவாங்களே, அது. பிரன்ஸ்விக்ல, பார்க்குக்குப் பக்கத்தில... வேலை முடிஞ்சு நேர வந்தனான்.

என்ன?... ஓம், சஷ்டிதான். மூண்டாம் நாள், வெள்ளிக்கிழமை வேற. கையில காப்புக் கட்டியிருக்கு, எனக்குத் தெரியாதே?... கத்தாத அக்கா. உங்கட பரமட்டா முழுக்கக் கேக்கப்போகுது.

எங்கட ஆக்கள் எல்லாம் ஸ்பிரிங்வேல், டண்டினோங் பக்கம்தானே. இஞ்சால ஒரு தமிழ்ச் சனமும் வராது எண்டுதான்...

காளான் போட்டதுதான் கேட்டனான்! சத்தியமா. அது முடிஞ்சுதாம்... பிறகென்ன பிறகு... பண்டி... ஓம், பண்டி இறைச்சிதான்! நல்லா அவிச்சு, தாச்சியில மொறுமொறு எண்டு வாட்டி, உள்ளங்கை அளவு சோளத்து ரொட்டியில வச்சு, வெங்காயம், கொத்தமல்லி, தேசிக்காய்ப் புளி... மூண்டு நாள் பாலும் வாழைப்பழமும் திண்ட வாய் அக்கா. நீயெண்டாலும் விழுந்திருப்பாய்.

உறைப்போ? அதை ஏன் கேக்கிறாய். வெள்ளையளுக்குச் செய்யிறதுதானே எண்டு அவங்கட பச்சை மிளகாய்ச் சம்பலை அள்ளி ஊத்திட்டன். கண், மூக்கு எல்லாம் ஓடுது. மெக்சிக்கோக்காரர் முதலே வேண்டாம் எண்டு கை காட்டினவர். நான்தான் பெரிய யாழ்ப்பாணத்தாள் எண்டு...

சரி, அது இல்லைக் கதை. ட்ரக்குக்கு முன்னால லைன்ல பத்மா அன்ரி நிக்கிறா.

எந்தப் பத்மா அன்ரியோ? யதுஷன்ர அம்மா!

ஓம்... ஓம்... இல்லை, என்னை இன்னும் காணேல்லை.

ஆரால வந்தது இவ்வளவும்? "சஷ்டி முடியட்டும், பெட்டையின்ர போக்கைப் பாத்துட்டுத்தான் கலியாணத்துக்குச் சம்மதம் சொல்லுவன்" எண்டு அவ யதுஷனுக்குச் சொன்னவ. "விரதம் பிடி, மனுசிக்குப் பிடிக்கும்" எண்டு எனக்கு ஆர் சொன்னது? நீ! ஆறு நாளும் பாலும் பழமும்தான் எண்டு கோயில்ல அவவுக்கு முன்னால பெரிசாச் சொல்லிட்டன். பாரணைச் சமையலுக்கு மரக்கறி வெட்டவும் பேர் குடுத்தாச்சு... விளையாடாத அக்கா. எனக்கு யதுஷன் வேணும். ஒரு துண்டு ரொட்டியால எல்லாம் போகப்போகுது...

பொறு... அன்ரி வாங்கிட்டா... தட்டில ரெண்டு... இல்லை, மூண்டு! யதுஷனுக்கோ? சீச்சீ, அவர் உண்மையாவே விரதம். பாலைக் குடிச்சுக் குடிச்சு வேலையில தலை சுத்துதாம், பாவம்... காளானோ? காளான்தான் முடிஞ்சுதே!

அக்கா... நடந்துகொண்டே வாயில வச்சிட்டா... அங்கால இஞ்சால பாக்கிறா... ஐயோ, ஒளிக்க இடம் தேடுறா. வானுக்குப் பின்னாலதான் வாறா! ஓட இடமில்லை... வைக்காத! லைன்ல நில்லு!

வணக்கம் அன்ரி!... ஓம் அன்ரி... வேலை முடிஞ்சு... சும்மா... ஓம், இந்தப் பக்கம் எங்கட ஆக்கள் வாறேல்லைத்தான்... நானும் அப்பிடித்தான் நினைச்சன்...

...

காப்போ? ஓ... சம்பல் பட்டிட்டுது... உங்கட காப்பிலயும் பட்டிருக்கு, அன்ரி.

...

ஓம்... ஓம்... சொல்லமாட்டன்... யதுஷனுக்கோ? ஐயோ, சொல்லவே மாட்டன்... முருகனுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை அன்ரி, அவர் மேல இருந்து பாத்துக்கொண்டுதானே இருக்கிறார்... இந்தாங்கோ, டிசு... அந்தப் பச்சையை விடுங்கோ, ஆளைக் கொல்லும். சிவப்பை எடுங்கோ... பாத்தீங்களே, நல்லா இருக்கு என்ன?

...

பாரணைக்கோ? கட்டாயம் வருவன். பூசணிக்காயும் நானே வெட்டுறன்... அதுக்குப் பிறகு வீட்டையோ? உங்கட வீட்டையோ?... வாறன் அன்ரி...

என்ன?... அப்பிடிக் கூப்பிட வேண்டாமோ?... பிறகு எப்பிடி...

...

ஓம்... சரி... சரி, மாமி.

அக்கா! கேட்டனியே?... நீ ஏன் இப்ப மூக்கை உறிஞ்சுறாய்?... நான் ஒண்டும் அழேல்லை, அது பச்சைச் சம்பல்... சரி, வை, வை. ட்ரக்கில லைன் நீளுது. மாமிக்கு இன்னும் ரெண்டு வேணுமாம்.