சுட்ட சத்தத்துக்கு அப்புறம் நாலு நிமிஷம்

— அவ்வளவுதான் மிஸ் வெர்டெல். பதிவு சுட்ட சத்தத்தோட முடிஞ்சுது. விதிப்படி கேக்க வேண்டியதக் கேட்டாச்சு, நிறுத்திடறேன்.

— அந்தப் பொத்தான்லேர்ந்து கைய எடு ஹாஸ்கல் தம்பி. திரையில இன்னும் நாலு நிமிஷம் பாக்கின்னு காட்டுதே, அது என்ன?

— வெறும் இரைச்சல் மேடம். ஆபீசர் லாம்பர்ட்டோட சட்டைக் கேமராவுல படம் விழல, சத்தம் மட்டுந்தான். 'இதற்குப் பின் பேச்சு இல்லை'ன்னு எழுத்துப் பிரதியிலயே போட்டிருக்கு. போலீஸ் மேற்பார்வைக் குழுவுல மீதி எட்டு பேரும் இந்த இடத்துலதான் போதும்னாங்க.

— அவங்கெல்லாம் கார்ல வர்ற கனவான்கள். நான் முப்பத்தோரு வருஷம் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டினவ. ஓட்டின தூரத்துக்கு நிலாவுக்குப் போயி, அங்க ஒரு காபி குடிச்சு, மிச்சத்த ஃப்ளாஸ்க்குல ஊத்திக்கிட்டுத் திரும்பியிருக்கலாம். கடைசி ஸ்டாப் வராம ஒரு நாள் வண்டியத் திருப்பினதில்ல. நீயே சொல்லேன் ஐயோன்.

— நான் சுருக்கெழுத்துக்காரி, சிஸ்டர் வெர்டெல். இந்த அறையில எனக்கு விரல் மட்டுந்தான், வாய் கிடையாது.

— கேட்டுக்கோ! ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இவ போடற ஆமென்ல போன வாரம் மூணு ஜன்னல் விரிசல் விட்டுது. ரெண்டு புறா நெஞ்சடைச்சு விழுந்துது.

— அதையும் எழுதியாச்சு.

— எழுது எழுது. தம்பி, நாளைக்கு ஓட்டு. நாலு பேர் லாம்பர்ட் மேல வழக்குப் போடணும்ங்கறாங்க, நாலு பேர் வேண்டாம்ங்கறாங்க. ஒன்பதாவது ஆள் நான். நான் தலைய எந்தப் பக்கம் ஆட்டறேனோ அதுதான். இல்லேன்னா அவன் திங்கக்கிழமை துப்பாக்கியோட ரோட்டுல நிப்பான்.

— அவர் அறிக்கை தெளிவா இருக்கு மேடம். தனியா ரோந்து போனார், காரை நிறுத்தினார். கார்ல இருந்த அலான்சோ டீக் சொல்லாம கொள்ளாம கோட்டுக்குள்ள கைய விட்டார். லாம்பர்ட் பயந்து சுட்டார்.

— சொல்லாம கொள்ளாமலா? இப்பதான கேட்டோம்? அந்தப் பையன் வாய் ஓயாம சொல்லிட்டே இருந்தான். 'சார், என் ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கு. சார், இப்ப இடது கையால கண்ணாடிய இறக்கறேன்.'

— அது பதட்டத்துல உளர்றது.

— உளறலா! எங்க கறுப்புப் பசங்களுக்குப் பதினாறு வயசாச்சுன்னா, கார் சாவி குடுக்கறதுக்கு முன்னாடி இதத்தான் குடுப்போம். போலீஸ் நிறுத்தினா கை அசையறதுக்கு முன்னாடி வாய் அசையணும். என் மகன அடுப்படி நாற்காலியில உக்கார வெச்சு ஆயிரத்திருநூறு தடவ ஒப்பிக்க வெச்சேன். இப்ப நாப்பது வயசாவுது. ராத்திரி புரண்டு படுக்கறதுக்கு முன்னாடி பொண்டாட்டிகிட்ட அறிவிச்சுட்டுத்தான் புரள்றான். உங்க வெள்ளைக்கார வீட்டுல பதினாறு வயசுல என்ன சொல்லிக் குடுத்தாங்க?

— மீன் பிடிக்க.

— அதான பாத்தேன்.

— ஆனா கடைசியா லைசென்ஸ் எடுக்கறேன்னு டீக் சொன்னதா பதிவுல இல்லையே மேடம். லாரி போற சத்தந்தான் இருக்கு.

— அந்தப் பாழாப்போன லாரி முழுங்கிடுச்சு. பக்கத்துல இன்னொரு காது இருந்திருந்தா கேட்டிருக்கும். யாரும் இல்லையாமே.

— யாரும் இல்ல.

— அப்ப அந்த நாலு நிமிஷத்தையும் கேட்டுடலாம். ஓட விடு. உறுப்பினர் கேட்டா ஓட விடணும்னு உன் விதியே சொல்லுது.

— உங்க இஷ்டம். இந்தாங்க, ஓடுது.

— உஸ்ஸுன்னுதான் இருக்கு. காய்ஞ்ச இரும்புச் சட்டியில தண்ணி தெளிச்ச மாதிரி.

— சொன்னேனே.

— டீசல் இஞ்சின் பக்கத்துல உக்காந்து என் காது பாதி போச்சு. இன்னும் ஏத்தி வை. இப்பவும் உஸ்ஸுதான்... என்ன தம்பி, மூஞ்சி சுண்ணாம்பாட்டம் ஆயிடுச்சு?

— இது பிரதியில இல்லையே.

— எது? எனக்கு ஒண்ணும் எட்டலையே. என்ன கேக்குது? சொல்லித் தொலை.

— 'சார், என் கை இன்னும் ஸ்டியரிங் மேலதான் இருக்கு'ன்னு...

— ஆண்டவரே. உயிரோட இருந்தானா?

— 'சார், இப்ப இடது கையால வயித்த அழுத்திப் பிடிக்கப் போறேன். வேற எதுக்கும் இல்ல சார்.' நிறுத்திடறேன் மேடம்.

— நிறுத்தினா உன் விரல எண்ணிப் பாத்துக்க வேண்டியிருக்கும். ஐயோன், எழுதறியா?

— ஒரு எழுத்து விடல.

— மேல சொல்லு.

— 'சார், இப்ப தலையத் திருப்பறேன். மெதுவாத்தான் திருப்பறேன். சுட்ட சாரப் பாக்கல. இந்தப் பக்கம் காபி டம்ளரோட நிக்கற சாரப் பாக்கறேன்.'

— இன்னொரு போலீஸ்காரனா? லாம்பர்ட் தனியாத்தான போனான்?

— 'லைசென்ஸ் எடுக்கறேன்னு சொன்னேனே, உங்களுக்குக் கேட்டுச்சே சார். நீங்க தலையாட்டினீங்களே. அதுக்கப்புறந்தான கைய எடுத்தேன்?' இல்ல. இது பொய். இது யாரோ பண்ணின வேலை.

— ஏன்?

— சுட்டவுடனே தலை சாஞ்சுடுச்சு மேடம்! ஒரு வார்த்தை பேசல. வாயே திறக்கல.

— அது உனக்கெப்படித் தெரியும்?

— பிரதியிலதான் பாத்தேன்.

— ஹாஸ்கல். நீ இந்தப் பதிவறைக்கு வந்து எத்தன மாசம் ஆச்சு?

— எட்டு.

— பையன் செத்து ஒன்பது. அதுக்கு முன்னாடி?

— ரோந்து. லாம்பர்ட்கூட.

— அப்ப காபி டம்ளர்?

— என்னுதுதான். நாங்க ரெண்டு பேரு. நீ காய்ச்சல்ல வீட்டுல இருந்ததா எழுதிடறேன், இங்க இல்லவே இல்லைன்னு லாம்பர்ட் சொன்னாரு. லாரி போகும்போது அந்தப் பையன் என்னத்தான் பாத்து, லைசென்ஸ் எடுக்கறேன்னு சொன்னான். காதுல தெளிவா விழுந்துது. எடுன்னு தலையாட்டினேன். எடுத்தான். என் தலை நிமிர்றதுக்குள்ள... நாலு நிமிஷம் நின்னேன் மேடம், டம்ளரக்கூடக் கீழ வைக்கல. அப்புறந்தான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டோம். இப்பவும் பேசறான், பாருங்க. 'சார், நான் எங்கயும் போகல'ங்கறான்.

— அழாத. அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம், மொதல்ல இப்பச் சொன்னதுக்குக் கையெழுத்துப் போடு. எனக்கு ஓட்டு முடிவாயிடுச்சு. ஐயோன், என் செவிட்டுக் காதுக்குத்தான் எட்டல, உன் காது எலி நடந்தா என்ன செருப்புன்னு சொல்லும். பையன் பேசினதத் தனியா, இவன் பேசினதத் தனியா பிரிச்சு வாசி. காலையில குழு முன்னாடி வைக்கணும்.

— பிரிக்க ஒண்ணுமில்ல சிஸ்டர். பதிவுல கடைசி வரைக்கும் வெறும் உஸ்ஸுதான். ரெண்டு குரல்லயும் பேசினது இவர்தான்.