அத்தான் பாத்து வச்ச நாளு

வாங்கத்தான். ராகுகாலம் கழிஞ்சாச்சா? கழிஞ்சிருக்கும், இல்லாட்டி ஆரியசாலை வீட்லேருந்து ஒரு காலு வெளிய வச்சிருக்க மாட்டியளே. அது என்ன பொட்டலம்? பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கா போனிய? தேங்கா ஒடச்சாச்சுன்னு சொல்லுங்க. எனக்குத் திருநீறு வேண்டாம். நீங்களே வச்சுக்கிடுங்க.

சத்தம் போடாதங்கியளா? போடுவேன். கெட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து மூத்தாரு மொகத்தப் பாத்துப் பேசப்பிடாதுன்னு கதவுக்குப் பொறத்தால நின்னே பேசியிருக்கேன். இந்த ஆசுத்திரி வராந்தாவுல எங்க போயி மறைய? படிக்க வந்த டாக்டர் பிள்ளைய எல்லாம் நிக்கி. நிக்கட்டும், கேக்கட்டும்.

ஆப்பரேசனுக்கு மொதத் தேதி குடுத்தப்போ பெரிய டாக்டரு என்ன சொன்னாரு? உங்க தம்பி கட்டில்கிட்ட வச்சுத்தான பிள்ளையளுக்குப் பாடம் எடுத்தாரு, நீங்களும் நின்னிய. கட்டி ஈரல்ல ஒரு பக்கத்துலதான் இருக்கு, அந்தப் பக்கத்த வெட்டி எடுத்துட்டா மிச்ச ஈரலு தானா வளந்துக்கிடும்னாரு. எனக்கு அப்பதான் உசுரு வந்துது. வெட்ட வெட்ட வளர இது என்ன முருங்கையான்னு உங்க தம்பி சிரிச்சாவ. நீங்க சிரிக்கல. பையிலேருந்து பஞ்சாங்கத்த எடுத்திய. அன்னைக்குச் சந்திராஷ்டமமாம்.

அஞ்சுன்னு அந்தப் பொம்பள டாக்டரு கெஞ்சுனா. சேச்சி, எங்க யூனிட்டுக்கு வாரத்துல ஒரு நாளுதான் தியேட்டரு, இத விட்டா வரிசையில கடைசிக்குப் போயிரும்னா. நீங்க, அவனுக்குக் காய்ச்சலு, பொறவு வாறோம்னு ஒரு பொய்யச் சொன்னிய. பொறவு வந்த தேதிக்கு, ஆடி மாசம், கத்தி வைக்கப்பிடாதுன்னிய. ஏன்த்தான், கட்டிக்கு ஆடி உண்டுமா? அது பஞ்சாங்கம் பாத்தா வளருது?

சொல்லாம என்ன? சொன்னேன். கதவுக்குப் பொறத்தால நின்னு அழுதுக்கிட்டே சொன்னேன். பொட்டச்சிக்கு என்ன தெரியும்னிய. உங்க தம்பியும், அண்ணன் சொன்னா சரியா இருக்கும்னாவ. அப்பா எடத்துல வச்சிருக்காவ உங்கள. அதுதான் எனக்கு வயிறு எரியுது.

கடைசியில நீங்க பாத்து வச்ச நாளுதான் இன்னைக்கு. என்னது, ஆப்பரேசன் முடிய சாயங்காலம் ஆகுமா? ஆமா, அப்படித்தான் சொல்லியிருந்தாவ. நான் பிளாஸ்க்குல காப்பிகூட வாங்கி வச்சுக்கிட்டு ஒக்காந்தேன். நீங்க எதுக்கு அந்தத் தியேட்டர் கதவையே பாக்கிய? உள்ள இப்ப வேற யாரோ. உங்க தம்பி பேரச் சொல்லி, தாணுவோட ஆளு யாருன்னு சிஸ்டர் அப்பவே விளிச்சாச்சு. நீங்க தேங்கா ஒடச்சிக்கிட்டு நின்ன நேரமா இருக்கும்.

தொறந்து பாத்தாவளாம். ரெண்டு பக்கமும் பரவி, வயிறு பூரா பொடிப்பொடியா செதறிக் கெடக்காம். இனி எடுத்துப் பிரயோசனமில்லயாம். அப்படியே தச்சு வெளிய கொண்டுவந்துட்டாவ.

அழாதீய. உங்க தம்பிக்கு மயக்கம் தெளிஞ்சுட்டு. எடுத்தாச்சா, எடுத்தாச்சான்னு கேட்டுக்கிட்டே கெடக்காவ. என்னால முடியாது. நாளு பாத்தது நீங்க. ராகுகாலமும் கழிஞ்சாச்சு. உள்ள போயி நீங்களே சொல்லுங்க.